சின்னஞ்சிறு சித்திரக்கதைகள்

சித்திரக்கதை படிக்கும் பிள்ளை பாடத்தில் தேறாது என்று பெற்றோர் பலர் கருதுகின்றனர். உழைத்துக் களைத்து வீடு திரும்பும் தந்தை, மகன் கையில் பாடநூலுக்குப் பதிலாகப் படக்கதையைக் கண்டால் சினங்கொள்வது இயல்பே. ஆயினும், சித்திரக்கதைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பெரிய நிறுவனங்கள் அச்சிட்டுக் குவிக்கும் நீண்ட சண்டைக் கதைகள் ஒரு வகை. தனியொருவர் தம் மனத்தில் தோன்றியதைத் தாமே எழுதி, தாமே வரைந்து, நான்கு கட்டங்களிலோ எட்டுப் பக்கங்களிலோ முடித்துவிடும் சிறு கதைகள் மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகையை நம் பிள்ளைகள் படிக்கவும் வேண்டும். படைக்கவும் வேண்டும் என்பதே என் கருத்து.

இக்கலையின் முன்னோடிகளுள் தலையாயவர் ஓர் ஆசிரியர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகரில் விடுதிப் பள்ளி நடத்திய ரொடோல்ஃப் டோப்ஃபர் என்பவரே அவர். கண் பார்வைக் குறைவால் ஓவியராகும் ஆசையைக் கைவிட்ட அவர், 1827ஆம் ஆண்டில் ஒரு படக்கதையை வரைந்தார். மாணவரும் நண்பரும் கண்டு களிப்பதற்காகவே வரையப்பட்ட அவருடைய ஏடுகள் கைமாறிச் சென்று, ஜெர்மானியப் பெருங்கவிஞர் கோதேயின் பாராட்டையும் பெற்றன. அதன் பின்னரே, 1830களில், அவை அச்சேறின.

இத்தகைய சிறு கதைகளில்தான் எத்தனை வகை! ஜப்பானியரின் நான்கு கட்டக் கதையில் முதற் கட்டம் தொடக்கம், இரண்டாவது வளர்ச்சி, மூன்றாவது திருப்பம், நான்காவது முடிவு. சொல்லே இல்லாமல் படத்தாலேயே நகைக்க வைப்பனவும் உண்டு. இந்தியாவில் வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா என்னும் அமைப்பு, கிராம மக்களுக்கு இக்கலையைக் கற்பித்து வந்துள்ளது. அவர்கள் தங்கள் ஊர்க் குறைகளைத் தாங்களே வரைந்து, படியெடுத்து, பலர் கூடும் இடங்களில் ஒட்டுகின்றனர். டோக்கியோவில் தம் கைப்படைப்புகளை விற்க 1975 டிசம்பரில் கூடியவை 32 குழுக்களே. அச்சிறு சந்தை பின்னர் இலட்சக்கணக்கானோர் திரளும் விழாவாக வளர்ந்தது.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. ஒரு வெள்ளைத் தாளை மும்முறை பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் தோன்றும். நீளவாட்டிலுள்ள நடுமடிப்பில், இடையிலுள்ள இரு கட்டங்களின் நீளத்திற்கு மட்டும் கத்தரித்து மீண்டும் மடித்தால், தைக்காமலும் ஒட்டாமலும் ஒரு குட்டிப் புத்தகம் உருவாகிவிடும். முன்னட்டை, பின்னட்டை, உள்ளே ஆறு பக்கங்கள். ஏழைப் பிள்ளையும் நூலாசிரியர் ஆகலாம்!

பாடம் கெடுமே என்பார்க்கு ஒன்று கூறுவேன். நான்கு கட்டங்களில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டுமெனில், எதைக் கூறுவது, எதை விடுவது என்று பிள்ளை சிந்தித்தே ஆக வேண்டும். பேச்சுக்குரிய சிறு வட்டத்தில் ஏழெட்டுச் சொற்களே அடங்கும். ஆகவே, பொருத்தமான சொல்லைத் தேடும் பழக்கம் உண்டாகிறது. கட்டுரைப் பயிற்சியும் இதுவேயன்றோ? ஒரு பக்கம் எழுத அஞ்சும் மாணவனும், தான் வரைந்த பாத்திரத்தைப் பேச வைக்க ஆவலோடு எழுதுவான்.

நம் நாட்டில் பேராக் மாநிலக் கிராமம் ஒன்றில் 1951இல் பிறந்த டத்தோ லாட் அவர்களின் முதற் சித்திரக்கதை நூல் 1964இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 13. கிராமத்துச் சிறுபிராயத்தைச் சித்திரித்த அவரது 'தி கம்போங் பாய்' 1979இல் வெளியாகி, பின்னர்ப் பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. கம்போங்கின் கதையை அவர் வரைந்தார். தோட்டத்தின் கதையை வரைவார் யார்? இருள் பிரியுமுன் பிரட்டுக்குச் சென்ற பாட்டி, கோட்டுப்பால் சுமந்த தாத்தா, மங்கு துடைத்துத் தாய்க்கு உதவிய சிறுவன் ஆகியோரை எந்தப் பெரிய நிறுவனமும் தேடி வந்து வரையப் போவதில்லை. பல இடங்களில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்துவிட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. சொல்வாரும் வரைவாரும் இல்லையெனில் அவ்வாழ்க்கை சுவடின்றி மறையும்.

ஆகவே, பெற்றோர்களே! வாரம் ஒரு மாலையேனும் உங்கள் இளமைக்காலக் கதையைப் பிள்ளைகளுக்குக் கூறுங்கள். ஒரு பென்சிலும் சில தாள்களும் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் வரைந்தவற்றைக் குப்பையில் எறியாமல் பேணி வையுங்கள். மாணவச் செல்வங்களே! பிறர் வரைந்த வீரனைப் பார்த்து வரைவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வீட்டு வீரர்களையும் வரையுங்கள். கோடு கோணினும் குற்றமில்லை. கதை உங்களுடையதாக இருக்கட்டும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது!