ஏழு குறளோடு நின்றுவிட்டவர்கள்

கொங்கு நாட்டில் இயற்கை மருத்துவ முகாம் நடத்துவோர் அச்சிடும் அழைப்பிதழின் தலைப்பில் பெரும்பாலும் ஒரு குறள் இருக்கும். முன்னர் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்து தேவைப்படாது என்னும் 942ஆம் குறள் அது. தமிழாசிரியர் என்பதால் இத்தகைய மேடைகளுக்கு நம்மையும் அழைப்பார்கள். நாமும் சென்று, 'மருந்து' அதிகாரத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசி, பொன்னாடையும் முளைகட்டிய பயறும் பெற்றுத் திரும்பியிருக்கிறோம். எனவே இக்கட்டுரை சுமத்தும் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

இயற்கை மருத்துவத்தின் அடிப்படைகள் எளியவை. உடலுக்குத் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. நோய்கள் பலவாகத் தோன்றினாலும் காரணம் ஒன்றே. அது உடலில் தேங்கிய கழிவு. காய்ச்சலும் வாந்தியும் நோயல்ல, கழிவை வெளியேற்ற உடல் செய்யும் முயற்சி. ஆகவே மண், நீர், வெயில், காற்று, ஆகாயம் ஆகிய ஐம்பூதங்களே மருந்து. ஆகாயம் என்பது உபவாசம். வயிற்றில் ஈரமண் பட்டி, இடுப்புக் குளியல், வாழையிலைக் குளியல், சமைக்காத உணவு என்று நடைமுறை விரிகிறது.

இதைத் 'தமிழர் மரபு' என்று மேடையில் முழங்குவோர் ஒன்றை அறியவேண்டும். கழிவுக் கொள்கையை இந்த வடிவில் பரப்பியவர் லூயி கூனே என்னும் ஜெர்மானியர். 1883இல் லைப்சிக் நகரில் சிகிச்சையகம் தொடங்கியவர். அவருடைய நூலையும் அடால்ஃப் ஜஸ்டின் நூலையும் படித்தே காந்தி இதில் இறங்கினார். அயல்நாட்டிலிருந்து வந்தது என்பதால் ஒன்று இழிந்ததாகிவிடாது. ஆனால் ஆங்கில மருத்துவத்தை அந்நியம் என்று தள்ளிவிட்டு ஜெர்மன் கொள்கைக்கு வேட்டி கட்டிவிடுவது நேர்மையன்று.

அடுத்த ஆண்டு நோக்கினால் அல்ல, முந்திய ஆண்டு நோக்கினால் இன்னொன்று தெரியும். 1882இல் பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்திருந்தார். எல்லா நோய்க்கும் ஒரே காரணம் என்ற கொள்கை பிறந்தபோதே அதற்கு மறுப்பும் பிறந்துவிட்டது.

*

நாம் இதை எழுதக் காரணம் ஒரு மாணவி. காங்கேயம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பத்து வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்பவள். ஒரு பொங்கல் விடுமுறைக்குச் சென்றவள் திரும்பவில்லை. விசாரித்தபோது, பெற்றோர் அவளை ஒரு முகாமில் சேர்த்தது தெரிந்தது. இன்சுலினை நிறுத்தி, பழச்சாறும் மண்பட்டியும் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் வாந்தி; பிறகு மூச்சிரைப்பு. 'கழிவு வெளியேறுகிறது, அஞ்சவேண்டாம்' என்றார்களாம். தாய்மாமன் வந்து சண்டையிட்டுக் காரில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்ததால் பிழைத்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவளுடைய தந்தை நம்மிடம் கேட்டது இது: "ஏனுங்க சார், அன்னைக்கு அந்த மேடையில நீங்களும் பேசுனீங்களே?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை.

உடல் தேறினால் சிகிச்சையின் வெற்றி. மோசமானால் அதுவும் சிகிச்சையின் வெற்றி. எந்நிலையிலும் தோற்காத கொள்கை, அபாயத்தை அறிவிக்கும் திறனை இழந்துவிடுகிறது. நம் கண்டனம் மண்பட்டியின்மீது அல்ல, இந்த வாதத்தின்மீதுதான்.

சர்க்கரை நோய்க்கு உபவாசம் ஏற்கெனவே சோதிக்கப்பட்டதும் கூட. இன்சுலின் கண்டறியப்படும் முன்னர் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஆலன் நோயாளிக் குழந்தைகளைப் பட்டினிக்கு அருகில் வைத்தே பார்த்துக்கொண்டார். அவர்கள் எலும்பும் தோலுமாகச் சில காலம் கூடுதலாக வாழ்ந்தார்கள், அவ்வளவே. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்ட பிறகே அந்தப் பட்டினிக்கு முடிவு வந்தது.

நம் மண்ணிலேயே சான்று உண்டு. பெருந்துறையின் வறண்ட காற்றை நம்பி அங்கே காசநோய் மருத்துவமனை எழுந்ததைக் கொங்குப் பெரியவர்கள் அறிவார்கள். காற்று, வெயில், ஓய்வு, நல்லுணவு என்பதே அந்தக் காலத்துச் சிகிச்சை. 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு மையம் ஒரு கேள்வியை எழுப்பியது. ஒரே மருந்துகளை, சானடோரியத்தில் ஒரு சாராருக்கும், நெரிசலான வீடுகளில் இருந்த ஏழைகளுக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? 1959இல் வெளிவந்த முடிவு உலகையே திருப்பிப்போட்டது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். குணப்படுத்தியது மருந்து. காற்றுக்கும் ஓய்வுக்கும் நாம் ஏற்றிவைத்திருந்த புகழ் மிகையானது.

*

இதனால் இயற்கை மருத்துவம் முழுவதும் பொய் என்கிறோமா? இல்லை. உடற்பருமன், இரத்த அழுத்தம், நடுவயதில் வரும் சர்க்கரை ஆகியவற்றில் உணவும் நடையும் உறக்கமும் செய்யும் வேலை பெரிது. எந்த மருத்துவரும் இதை மறுக்கமாட்டார். ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் பெற்ற இயற்கை மருத்துவர்கள் தமிழக அரசு மருத்துவமனைகளில் பணிபுரிகிறார்கள். நமக்குச் சண்டை அவர்களோடு அல்ல. ஒரு வாரப் பயிற்சியில் 'ஹீலர்' ஆகி, இருக்கும் மருந்தை நிறுத்தச் சொல்பவர்களோடு.

மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதையும் கேட்கவேண்டும். மருத்துவமனைகளுக்குப் பெயர்பெற்ற கோவையில், நோயாளியிடம் ஐந்து நிமிடம் அமர்ந்து பேச மருத்துவருக்கு நேரமில்லை. முகாமில் பேசுகிறார்கள். பெயர் சொல்லி அழைத்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார்கள். அந்த ஏக்கம் நியாயமானது. அதை வைத்து நடக்கும் வியாபாரம் நியாயமற்றது. 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்பட்ட இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி அறிவிக்கப்பட்டு, அறிவித்தவர் கைதானார். சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆயினும் சுவரொட்டிகள் காய்வதில்லை.

காந்தியை மேற்கோள் காட்டுவோருக்கு ஒரு வார்த்தை. மருத்துவமனைகளைப் பாவத்தின் இருப்பிடங்கள் என 1909இல் எழுதியவர், 1924 ஜனவரியில் குடல்வால் அழற்சி வந்தபோது புனே சாசூன் மருத்துவமனையில் ஆங்கிலேய மருத்துவரின் கத்திக்கு உடன்பட்டார். 1946இல் உருளிகாஞ்சனில் ஏழைகளுக்காக இயற்கைச் சிகிச்சை தொடங்கியவரும் அவரே. உயிர் போகும் தருணத்தில் கொள்கையைவிட உயிர் பெரிது என்று உணர்ந்தவராகவே அவர் நமக்குத் தெரிகிறார்.

இனி வள்ளுவர். அந்த அதிகாரத்தின் முதல் ஏழு பாக்கள் அளவையும் உண்ணும் முறையையும் பேசுகின்றன. மேடைகள் அத்தோடு நின்றுவிடுகின்றன. எஞ்சிய மூன்றும் வேறு உலகம். நோய் இன்னது என ஆராய். அதன் காரணத்தை ஆராய். நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிப்பார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கவனிப்பவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம். எல்லா நோய்க்கும் ஒரே காரணம் என்பவனுக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. மருந்தை நான்கில் ஒன்றாக வைத்த புலவனை மருந்துக்கு எதிரியாக நிறுத்துவது தமிழுக்குச் செய்யும் தீங்கு.

அந்த மாணவி திரும்பிவந்து தேர்வு எழுதினாள். அதன்பின்னும் மேடைகளுக்கு நமக்கு அழைப்பு வருகிறது. போகிறோம். பத்துக் குறளையும் சொல்கிறோம். இரண்டாம் முறை அழைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.