தீவகப் பிள்ளைகள் உருவாக்குவது எங்கே சேமிக்கப்படுகிறது?

2026 ஆம் ஆண்டின் முதல் வாரங்களில் இலங்கையின் கல்வி விவாதம் ஓர் இணையத்தள முகவரியைச் சுற்றியே நடந்தது. தரம் 6 இற்கான ஆங்கிலப் பாடத் தொகுதியில் அச்சாகியிருந்த அந்த முகவரி, பிள்ளைகளுக்குப் பொருந்தாத தளமொன்றுக்கு உரியது எனத் தெரியவந்தது. தொகுதியின் விநியோகம் நிறுத்தப்பட்டது. தரம் 6 இற்கான சீர்திருத்தம் 2027 இற்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரியவுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வரை பேச்சு போனது. பிள்ளைகள் இணையத்தில் எதைப் பார்க்கக்கூடாது என்பது பற்றி அந்த நாட்களில் நிறையவே பேசப்பட்டது. இணையத்தைக் கொண்டு அவர்கள் எதைச் செய்யலாம் என்ற கேள்வி அதற்குள் அமுங்கிப்போனது.

யாழ்ப்பாணத் தீவகத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கேள்விதான் அவசரமானது. இப்படியான சர்ச்சைக்குப் பிறகு அதிபர் ஒருவர் எடுக்கக்கூடிய மிகப் பாதுகாப்பான முடிவு கணினி அறையைப் பூட்டிவைப்பதுதான். நகரப் பிள்ளைக்கு அதனால் பெரிய நட்டமில்லை. வீட்டில் மடிக்கணினி இருக்கும், சந்தியில் தனியார் கல்வி நிலையம் இருக்கும். நெடுந்தீவிலோ அனலைதீவிலோ எழுவைதீவிலோ பாடசாலைக் கணினி அறை பூட்டப்பட்டால், பல பிள்ளைகளுக்குக் கணினி என்ற பொருளே பூட்டப்பட்டுவிடுகிறது. மிஞ்சுவது அம்மாவின் கைபேசியும் அதிலுள்ள டேட்டாவும் மட்டுமே.

தீவகத்துக்குக் கணினிகள் வராமலில்லை. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, ஊர்காவற்றுறை என ஒவ்வோர் ஊருக்கும் கனடாவிலும் சுவிஸிலும் பிரான்சிலும் இலண்டனிலும் சங்கங்கள் உண்டு. திறன் பலகை, கணினி, அச்சு இயந்திரம் என்று அவை அனுப்புகின்றன. நாடா வெட்டி, படம் எடுத்து, முகநூலில் போடுகிறோம். அந்த அறைக்குள் அதற்குப் பிறகு என்ன உருவானது என்று கேட்டால், பெரும்பாலும் இல்ல மெய்வன்மைப் போட்டிக்கான அழைப்பிதழும் பரீட்சை வினாத்தாளும்தான். கொடுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எத்தனை கணினி கொடுத்தோம் என்பதை எண்ணுவது எளிது, அதனால் அதை எண்ணுகிறோம்.

உருவாக்குவதற்கான கருவிகளுக்கும் இன்று பஞ்சமில்லை, அவை கடினமானவையும் அல்ல. சுவரொட்டி, சிறு சஞ்சிகை, விளக்கப்படம் செய்ய கன்வா இருக்கிறது. ஆசிரியர் என்று உறுதிப்படுத்திக்கொண்டால் அதன் கல்விப் பதிப்பு இலவசம். அசையும் கதையும் விளையாட்டும் செய்ய ஸ்கிராட்ச் இருக்கிறது. அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 2007 இல் வெளியான இந்தக் கருவியில், கட்டங்களை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தியே நிரல் எழுதலாம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே படக்கதைப் புத்தகம் செய்யலாம், பிறர் செய்ததைத் தமிழாக்கலாம், பிடிஎப் ஆக இறக்கி அச்சிடலாம். ஒலிப்பதிவை வெட்டி ஒட்ட ஓடாசிட்டி. வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மப்.

இவற்றைக் கொண்டு எதைச் செய்வது என்பதில்தான் பாடசாலைகள் தடுமாறுகின்றன. தளங்களில் ஆயத்தமாகக் கிடைக்கும் படங்களில் கிராமம் என்றால் சிவப்பு ஓட்டு வீடும் வைக்கோல் களஞ்சியமும். கடற்கரை என்றால் குடையும் சாய்மனைக் கதிரையும். அந்த வார்ப்புகளை நிரப்பிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குச் சுட்டியை நகர்த்தும் பழக்கம் வரும், அவ்வளவுதான். பாடநூலில் இடம்பெறாத, அந்தத் தீவில் மட்டுமே உள்ள ஒன்றைச் செய்யப் புறப்படும்போதுதான் கருவிக்கு வேலை வருகிறது.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். 12 ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவினுடையது அது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் வெளிநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் வெட்டுவித்த துறைமுகச் சட்டம், நயினாதீவுப் பிள்ளை நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் நிற்கிறது. கப்பலும் பாறையும் பங்கு பிரிக்கும் கணக்கும் உள்ள இந்த விடயத்தை ஸ்கிராட்ச்சில் சிறு விளையாட்டாக்கத் தரம் 8 மாணவியால் முடியும். பின்னக்கணக்கு, வரலாறு, தமிழ் மூன்றும் அதற்குள் வந்துவிடும்.

பெயர்களும் அப்படித்தான். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை இந்தத் தீவுகளுக்கு இட்டார்கள்: ஊர்காவற்றுறைப் பக்கத்துக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம். இவற்றில் டெல்ப்ற் மட்டுமே ஆங்கில வழக்கில் உறுதியாக ஒட்டிக்கொண்டது. நயினாதீவு சிங்களத்தில் நாகதீப ஆவதும், பெயர்ப்பலகையில் எது மேலே எது கீழே என்ற சச்சரவும் நாம் அறிந்தவை. ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் ஓர் இடத்துக்குத் தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர் என்று தனித்தனிப் புலங்கள் உண்டு. ஒன்றை எழுத மற்றதை அழிக்க வேண்டியதில்லை. ஒழுங்கை, கேணி, குளம், துறை, நெடுந்தீவின் முருகைக்கல் வேலி, சாராப்பிட்டிக் கிணறு ஆகியவற்றின் உள்ளூர்ப் பெயர்களைப் பதிவுசெய்ய ஒரு வகுப்பும் ஒரு தவணையும் போதும். 1990, 91 இடப்பெயர்வில் வெறுமையாகி, அரைவாசிகூடத் திரும்பி நிரம்பாத ஊர்கள் இவற்றில் பல. அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்களின் வயதை நினைத்தால், இதைத் தள்ளிப்போடக்கூடிய வேலை என்று சொல்ல முடியாது.

இனி, யாரும் பெரிதாகப் பேசாத ஒரு தடை: பாமினி. வடக்கில் தமிழ்த் தட்டச்சு என்றால் இன்றும் பல அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் பாமினிதான். அது உண்மையில் தமிழ் எழுத்துகளைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளையே சேமித்துவிட்டு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. ஆங்கில ‘எம்’ இருந்த இடத்தில் ‘அ’, ‘கே’ இருந்த இடத்தில் ‘ம’. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். ஆசிரியர் இரண்டு மணித்தியாலம் இருந்து அடித்த கதையைக் கன்வாவிலோ ஸ்டோரிவீவரிலோ ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். “இதெல்லாம் தமிழுக்குச் சரிவராது” என்று அவர் எழுந்து போய்விடுவார். அவர் மீது பிழையில்லை. ஆனால் தமிழுக்கு எல்லாம் சரிவரும், சரிவராதது பாமினி.

ஒருங்குறி என்கிற யுனிகோடில் அடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. அதற்காகப் பழகிய விரல்களைக் கைவிடவும் வேண்டியதில்லை. எ-கலப்பை என்ற இலவச மென்பொருளை நிறுவினால், பாமினி விசைப்பலகை ஒழுங்கிலேயே அடித்து ஒருங்குறியில் பெறலாம். ஏற்கெனவே அடித்தவற்றை மாற்ற இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் உள்ளன. மீரா இனிமை, பவனம் போன்ற நல்ல ஒருங்குறி எழுத்துருக்கள் கூகுள் எழுத்துரு தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆசிரியர்களுக்கு நடத்தப்படும் தகவல் தொழில்நுட்பப் பயிற்சியில் இதற்கு ஓர் அரைநாள் ஒதுக்கினால், அடுத்த பத்துக் கருவிகளுக்கான வழி அதிலேயே திறந்துவிடும். செயற்கை நுண்ணறிவு பற்றிய கருத்தரங்குகளுக்கு நாள் கிடைக்கிறது. இதற்குக் கிடைப்பதில்லை என்பது வேடிக்கைதான்.

மின்சாரமும் இணைப்பும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணைக்கப்படாதவை. டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியவை. சூரிய ஒளி, காற்று, மின்கலம் மூன்றையும் சேர்த்த கலப்பு மின்திட்டம் 2021 இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபனையால் நின்று, பின்னர் இந்திய மானியத்தில் 2024 மார்ச்சில் புதிய ஒப்பந்தமானது. இரண்டு வல்லரசுகள் இழுத்த கயிற்றில் மூன்று தீவுகளின் மின்குமிழ் தொங்கியது என்றும் சொல்லலாம். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தாலும் அதன் கட்டணம் கடற்றொழில் குடும்பத்துக்கு எட்டாது. ஆகவே நாள் முழுவதும் இணைப்புக் கேட்கும் கருவி தீவுக்கு உதவாது. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமில்லாமல் ஓடுவதே உதவும். ஸ்கிராட்ச்சுக்கு அப்படியொரு பதிப்பு உண்டு. ஓடாசிட்டிக்கு இணையமே தேவையில்லை. கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை முழுமையாகவே ஒரு பென்ட்ரைவில் எடுத்துப்போகலாம். குறிகட்டுவானில் படகேறும் ஆசிரியரின் சட்டைப்பைக்குள் அது அடங்கும்.

இணைப்பைவிட எனக்குக் கூடுதல் கவலை தருவது வேறொன்று: இலவசக் கருவிகள் சாகும். கொவிட் காலத்தில் உலகெங்கும் ஆசிரியர்கள் நம்பிய கூகுள் ஜாம்போர்ட் 2024 டிசம்பர் 31 உடன் மூடப்பட்டது. ஊரின் கதையை வரைபடத்தில் சொல்லவைத்த கூகுளின் டூர் பில்டர் 2021 ஜூலையில் போனது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் விளையாட்டும் அசைபடமும் செய்த பிளாஷ் 2020 முடிவில் நின்றது. இவை எல்லாவற்றுக்கும் முன்னறிவித்தல் கொடுத்தார்கள். ஆனால் ஆங்கில மின்னஞ்சலில் வந்த அறிவித்தலைப் படித்து, கடவுச்சொல்லை நினைவில் வைத்திருந்து, கோப்புகளை இறக்கிவைக்க, அந்த ஆசிரியர் இன்னும் அதே பாடசாலையில் இருக்க வேண்டும். தீவகத்தில் ஆசிரியர் இடமாற்றம் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதை நாம் அறிவோம். அவரோடு சேர்ந்து அவரது கணக்கும் அதிலிருந்த பிள்ளைகளின் வேலையும் படகேறிவிடுகின்றன.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்பதை வருடா வருடம் நினைவுகூருகிறோம். இடப்பெயர்வில் வீடுகளோடு போன அல்பங்களுக்கும் கடிதங்களுக்கும் கணக்கே இல்லை. அப்படியான சமூகம் தன் பிள்ளைகளின் வேலையை, எப்போது பூட்டப்படும் என்று தெரியாத வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது பொருத்தமில்லை. ஆகவே எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, செய்ததைப் பிடிஎப், படம், ஒலி என்று சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்கலாமா என்பதைத்தான். எடுக்க முடியாதென்றால் எவ்வளவு அழகான கருவியாக இருந்தாலும் வகுப்பறைக்கு வேண்டாம்.

பயங்களும் நியாயமானவையே. பல தளங்கள் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தனிக் கணக்குக் கொடுப்பதில்லை. பிள்ளையின் வயதைக் கூட்டிப்போடச் சொல்லிக்கொடுப்பதைவிட ஆசிரியரின் கணக்கில் செய்வது மேல். ஸ்டோரிவீவரில் வெளியிடும் கதை திறந்த உரிமத்தில் வெளியாகிறது, யாரும் எடுத்து விற்கக்கூட முடியும். அதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். தீவகத்தில் கடற்படை முகாம்கள் உள்ள இடங்களில், பிள்ளையின் கமெரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதற்கு ஆசிரியரே பதில் சொல்ல வேண்டிவரும். வரைபட வேலையின் எல்லையை அதிபரும் பெற்றோரும் கூடிப் பேசி வகுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

மூத்தவர்களின் குரலைப் பதிவுசெய்வதில் இன்னொன்று உண்டு. “முந்தி படகு எப்படி ஓடினது அப்பாச்சி?” என்ற சாதாரணக் கேள்வி, நெடுந்தீவில் 1985 மே 15 இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையில் போய் நிற்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் போனை வைத்துக்கொண்டு அந்த அழுகையின் முன் தனியாக இருக்கக்கூடாது. பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பதிவை வெளியிடலாமா என்பதைச் சொன்னவரிடமே கேட்க வேண்டும்.

“நேரம் எங்கே?” என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்ற ஓட்டத்தில் படக்கதை செய்யச் சொன்னால் பெற்றோரே முறைப்பார்கள். இதைத் தனிப் பாடமாகவோ போட்டியாகவோ ஆக்கினால் நிச்சயம் சுமைதான். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு எப்படியும் ஒப்படைகள் செய்யப்படுகின்றன. இணையத்திலிருந்து பிரதிபண்ணி மட்டை போட்டுக் கொடுக்கும் அந்த ஒப்படைகளில் ஒன்றுக்குப் பதிலாக இதைச் செய்யலாம்.

செய்ததை வைப்பதற்கு இடமும் இருக்கிறது. 2005 முதல் இயங்கும் நூலக நிறுவனம் ஈழத்து நூல்களையும் பாடசாலை மலர்களையும் ஊர் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து எவரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது. பாடசாலைகளின் வெளியீடுகளை ஆண்டு முடிவில் திரட்டி அங்கே ஒரு பிரதி, பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி, பென்ட்ரைவில் ஒரு பிரதி என்று வைக்கத் தீவகக் கல்வி வலயத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த முறை பழைய மாணவர் சங்கமொன்று “என்ன வேண்டும்?” என்று கேட்கும்போது, இன்னொரு திறன் பலகைக்குப் பதிலாக, மாதம் இரண்டு சனிக்கிழமை படகேறி வந்து பிள்ளைகளோடு இருந்து வேலை செய்யும் ஒருவரின் படியையும் போக்குவரத்துச் செலவையும் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு நாடா வெட்ட முடியாது என்பதால் தயங்குவார்கள்.