கஃபாவின் கட்டப்படாத பகுதி

கஃபாவின் வடமேற்குப் பக்கத்தில் வெள்ளைப் பளிங்கில் ஓர் அரைவட்டச் சுவர் இருக்கிறது. கறுப்புக் கிஸ்வா போர்த்தி ஏறத்தாழ 13 மீட்டர் உயர்ந்து நிற்கும் கட்டடத்தின் அருகே இது மார்பளவு உயரம்தான். ஹதீம் என்பார்கள். கஃபாவை வலம்வரும் தவாஃப் சுற்றுகிறவர்கள் இந்தச் சுவருக்கும் கஃபாவுக்கும் இடையில் புகுந்து குறுக்கே போகக்கூடாது. போனால் அந்தச் சுற்று கணக்கில் சேராது என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் முடிவு. காரணம், அந்தத் திறந்தவெளியில் கட்டடத்தை ஒட்டிய பகுதி கஃபாவுக்கே சொந்தம். சுவரும் கூரையும் இல்லாமல் வெளியே நின்றுவிட்டது. இஸ்லாத்தின் முதல் புனிதத் தலத்தின் வரலாற்றில், அங்கே எழுப்பப்பட்ட எதையும்விட இந்த ஆறேழு முழத்தைக் கட்டாமல் விட்ட முடிவையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

இப்ராஹீம் நபியும் இஸ்மாயீல் நபியும் எழுப்பிய இறையில்லம் இது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. தீயாலும் வெள்ளத்தாலும் நலிந்துபோன அந்தக் கட்டடத்தை மக்காவின் குறைஷிக் குலத்தார் ஏறத்தாழ கி.பி. 605இல் புதிதாகக் கட்டினார்கள். செங்கடல் கரையில் உடைந்து ஒதுங்கிய கப்பலின் மரத்தை வாங்கிக் கூரைக்கு வைத்துக்கொண்டார்கள். வட்டிப் பணம், விபசாரத்தில் வந்த பணம், பிறரிடம் அநியாயமாகப் பறித்த பணம் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது என்று தங்களுக்குள் விதித்துக்கொண்டார்கள். வணிகத்தில் கொழித்த ஊர்தான். ஆனாலும் சுத்தமான பணம் என்று திரட்டியது போதவில்லை. ஆகவே வடமேற்கில் இடத்தைக் குறைத்துக்கொண்டு சுவரை எழுப்பினார்கள். அதே கையோடு வாசலைத் தரையிலிருந்து உயர்த்தியும் வைத்தார்கள். வேண்டியவரை ஏற்றவும் வேண்டாதவரைத் தடுக்கவும் அது வசதி. பணத்தில் அவ்வளவு நேர்மை பார்த்தவர்கள், வாசலில் தங்கள் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

630இல் மக்கா நபிகள் நாயகத்தின் வசம் வந்தது. கஃபாவைச் சுற்றியிருந்த சிலைகள் அகற்றப்பட்டன. குறைந்துபோன பகுதியையும் சேர்த்துக் கட்ட அவரைத் தடுப்பார் யாருமில்லை. ஆனாலும் கட்டவில்லை. ஏன் என்பதை அவர் தம் மனைவி ஆயிஷாவிடம் சொன்னதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளிலும் ஹதீஸ் இருக்கிறது. உன் சமூகத்தார் அறியாமைக் காலத்தை விட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறார்கள். இல்லையென்றால் கஃபாவை இடித்து இப்ராஹீமின் அடித்தளத்தின் மேல், தரைமட்டத்தில் இரண்டு வாசல்கள் வைத்துக் கட்டியிருப்பேன் என்பது அதன் கருத்து. சரியான வடிவம் எது என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் பரம்பரை பரம்பரையாக வணங்கிய கட்டடத்தில் கடப்பாரை விழுவதைக் கண்டால் புதிதாக வந்தவர்களின் மனம் என்னாகும் என்று பார்த்தார். சுவரின் அளவைவிட மனிதர்களின் மனம் பெரிதாயிற்று.

தெரிந்த சரியைச் செய்யாமல் விடுவது சமரசம்தானே என்று கேட்கலாம். அந்தச் சரியைச் செய்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். ஆயிஷாவின் அக்காள் மகன் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர், உமய்யாக்களின் ஆட்சியை ஏற்காமல் மக்காவில் நின்றவர். உமய்யாப் படையின் 683 முற்றுகையில் கஃபா தீப்பிடித்துச் சிதைந்தது. பழுது மட்டும் பாருங்கள் என்றார் நபித்தோழர் இப்னு அப்பாஸ். இப்னு ஸுபைரோ முழுவதும் இடித்து, தம் சிற்றன்னையிடம் கேட்ட ஹதீஸின்படி ஹதீம் பகுதியையும் உள்ளே சேர்த்து, இரண்டு வாசல்களோடு கட்டினார். 692இல் உமய்யாத் தளபதி ஹஜ்ஜாஜின் படை அவரைக் கொன்றது. கலீஃபா அப்துல் மலிக்கின் உத்தரவுப்படி ஹஜ்ஜாஜ் அந்தப் பகுதியை மறுபடி வெளியே தள்ளி, இரண்டாவது வாசலை அடைத்தார். அந்த ஹதீஸ் உண்மைதான் என்று பின்னர் அறிந்தபோது, இப்னு ஸுபைர் கட்டியதை அப்படியே விட்டிருக்கலாமே என்று கலீஃபா வருந்தியதாகவும் பதிவு உண்டு. பிறகு அப்பாசிய கலீஃபா ஒருவர் அதை இப்னு ஸுபைரின் வடிவுக்கே திரும்ப மாற்ற விரும்பியபோது இமாம் மாலிக் தடுத்தார்: இறையில்லம் அரசர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடும், மக்கள் உள்ளத்தில் அதன் மதிப்புப் போய்விடும் என்றார். 1630 வெள்ளத்தில் சுவர்கள் சரிந்தபின் உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் காலத்தில் கட்டிய கட்டடம்தான் பெரும்பாலும் இன்று நிற்பது. அதுவும் ஹஜ்ஜாஜ் விட்ட அளவை மீறவில்லை.

இந்தச் செய்திகளைத் தரும் நூல்கள் பெரும்பாலும் ஒன்பதாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டவை. இப்னு ஸுபைர் தம் கட்டுமானத்துக்கு ஆதாரமாகக் காட்டிய ஹதீஸ் அவருக்கே சாதகமாக இருக்கிறதே என்பது வரலாற்று ஆய்வின் நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். இப்னு ஸுபைர் தோற்றவர். அவர் கட்டியது நிலைக்கவில்லை. ஆனாலும் தாங்கள் நோக்கித் தொழும் கிப்லா முழு அளவில் இல்லை என்று சொல்லும் செய்தியை முஸ்லிம் சமூகம் மறைக்கவில்லை. மிக நம்பகமானவை என்று மதிக்கும் தொகுப்புகளிலேயே வைத்திருக்கிறது. பெருமைக்காகப் புனையப்பட்ட கதை தன் தலத்தின் குறையைச் சொல்லாது. ஹதீமில் தொழுவது கஃபாவுக்குள் தொழுவதுதான் என்று நபிகள் நாயகம் ஆயிஷாவிடம் சொன்னதாகவும் ஹதீஸ் உண்டு. குறைஷியர் உயர்த்திய வாசல் இன்றும் உயரத்தில்தான் இருக்கிறது. அது திறப்பது சிலருக்கு மட்டும். வெளியே விடப்பட்ட இந்த முழங்கள்தான் சாதாரண யாத்திரிகருக்கும் கஃபாவின் உள்ளே இடம் தருகின்றன.

சுவரைவிட மனம்தான் பெரிது, புனிதம் கல்லில் இல்லையென்றால் கஃபாவைச் சுற்றியுள்ள பழையவற்றை இடித்தால் என்ன என்று வாதிடுவோர் உண்டு. கூட்டம் பெருகும்போது தவாஃப் தளத்தை விரிக்கத்தான் வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் 2002இல் உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டையை இடித்து, அது நின்ற குன்றையும் சமன்செய்து, விடுதிகளும் கடைகளும் அடங்கிய கோபுரங்களை எழுப்பியதற்கு அந்த நியாயம் பொருந்தாது. இப்ராஹீமின் அடித்தளத்தை மீட்பதற்காகக்கூட இடிக்க வேண்டாம் என்று நபிகள் நாயகமே நிறுத்திக்கொண்ட ஊர் அது. அங்கே விடுதிக்காக ஒரு குன்றைத் தகர்த்தது தவறு.