முந்நூறு பேர் கண்ணில் படாத ஏழு படி

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். நேத்து ராத்திரி தங்கமணியோட தோழி போன் பண்ணினாங்க. "டிசம்பர்ல ஊருக்குப் போறோம். பூவார்ல நீங்க தங்கின ரிசார்ட்டுக்கு உங்க வீட்டுக்காரர் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காரே, அதைப் பார்த்துட்டுத்தான் புக் பண்ணப் போறோம். மாமியாரும் வர்றாங்க"ன்னு சொன்னாங்க.

எனக்குத் தூக்கம் போச்சு. ஏன்னு சொல்றேன்.

நமக்குச் சொந்த ஊர் பாறசாலை. திருவனந்தபுரத்துல இருந்து நாகர்கோவில் போற ரயில்ல கேரளாவோட கடைசி ஸ்டேஷன். 1956 நவம்பர் 1-ல எல்லை பிரிச்சப்போ அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலும் தமிழ்நாட்டுக்குப் போச்சு. எங்க நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவுலயே நின்னுடுச்சு. அதனால வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம், இப்போ சிட்னியில ரெண்டும் இல்லாம இங்கிலீஷ் :-)

பாறசாலையில இருந்து கடலைப் பார்த்து இறங்கினா பொழியூர். அதைத் தாண்டினா நீரோடி, அது தமிழ்நாடு. ஆறு கடல்ல விழுற வாய்க்கு எங்க பக்கம் பொழின்னு பேரு. அகத்தியமலையில பிறக்குற நெய்யாறு பூவார் பக்கத்துல கடல்ல சேருது. நடுவுல ஒரு மணல் திட்டு, இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் கடல். தண்ணி மேல மிதக்குற குடில், தென்னந்தோப்பு, படகு. போட்டோவுல பார்த்தா சொர்க்கம்தான், பொய் இல்லை.

போன தடவை ஊருக்குப் போனது அப்பாவோட 75-வது பிறந்தநாளுக்கு. துபாய்ல இருந்து தங்கச்சி குடும்பம், சென்னையில இருந்து அண்ணன் குடும்பம், நாங்க. வீட்டுல எல்லாரும் படுக்க இடம் கிடையாது. மூணு நாள் ரிசார்ட்னு நான்தான் முடிவு பண்ணினேன். பேரைச் சொல்ல மாட்டேன், அது இந்தப் பதிவோட நோக்கம் இல்லை. முந்நூறு சொச்சம் பேர் எழுதியிருந்தாங்க, சராசரி 4.6. மூணு ராத்திரி உட்கார்ந்து அத்தனையும் படிச்சேன். சாப்பாடு, சூரிய அஸ்தமனம், ரிசப்ஷன்ல சிரிச்ச பையன் பேரு எல்லாம் எழுதியிருந்தாங்க.

ஒருத்தர் கூட எழுதாதது: கார் ஆத்தங்கரையோட நின்னுடும். அங்கேருந்து ஏழு படி இறங்கிப் படகு. கைப்பிடி கிடையாது, பாசி பிடிச்ச படி. அந்தக் கரையில ஏறி, குறுகலான மரப்பாலத்துல நடந்துதான் குடிலுக்குப் போகணும்.

அப்பாவுக்கு ரெண்டு முட்டியிலயும் ஆபரேஷன் ஆனது. முப்பது வருஷம் வாத்தியாரா இருந்து, ஹெட்மாஸ்டரா ரிட்டயர் ஆனவர். யார் கையையும் பிடிச்சு நடந்தவர் இல்லை. அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார வெச்சு ரெண்டு பையன்மார் தூக்கிட்டு இறங்கினாங்க. பேரப்பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே வீடியோ எடுத்தாங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை. ஆனா மூணு நாளும் குடிலை விட்டு வெளியே வரலை. கேக் வெட்டக் கூட எல்லாரும் அவர் ரூமுக்குத்தான் போனோம்.

ரெண்டாம் நாள் பொழியூர்ல இருந்து மாமா வந்தார், அம்மாவோட தம்பி. அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன். என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம் மக்கா, இங்க மாமன் ஒருத்தன் கெடக்கேன்னு ஓர்மை இல்லியா? ஒரு போன் விளிச்சிருந்தா அங்க படி உண்டுன்னு சொல்லியிருப்பேன்லா?"

என்ன பதில் சொல்றது? "மாமா, உங்களைக் கேக்கலை. முகம் தெரியாத முந்நூறு பேரைக் கேட்டேன்"னா?

இதுவரைக்கும் என் முட்டாள்தனம். இனிமே வர்றது குற்றம். கிளம்புற அன்னிக்கு, அப்பாவைத் தூக்கின அதே பையன்ல ஒருத்தன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்தான். "சார், அஞ்சு ஸ்டார் போட்டு எங்க பேரையும் எழுதினா உபகாரம். மேனேஜர் நோக்கும்." அந்தப் பையன் முகத்தைப் பார்த்துட்டு, படகுல உட்கார்ந்தபடியே அஞ்சு ஸ்டார் போட்டேன். ரெண்டு பேர் பேரையும் எழுதினேன். படியைப் பத்தி எழுதலை. எழுதினா அவங்களுக்குத் திட்டு விழுமோன்னு. அப்போதான் புரிஞ்சுது, எனக்கு முன்னாடி எழுதின முந்நூறு பேரும் இப்படித்தான் படகுல உட்கார்ந்து எழுதியிருப்பாங்கன்னு. பொய் சொன்னவன் ஒருத்தனும் இல்லை, ஆனா மொத்தமும் பொய்.

ரிவ்யூ மோசடின்னாலே நாம காசு வாங்கிட்டு எழுதுறவனைத்தான் நினைக்கிறோம். அவன் இருக்கான், இல்லைன்னு சொல்லலை. டிரிப் அட்வைசர் தன்னோட கணக்கையே வெளியிட்டிருக்கு: 2022-ல வந்த சுமார் 3 கோடி ரிவ்யூவுல 13 லட்சம் போலி. 2017-ல லண்டன்ல ஊபா பட்லர்னு ஒரு ஆள், முன்னாடி ஒரு ரிவ்யூவுக்கு 10 பவுண்டு வாங்கிட்டுப் போலியா எழுதினவர், தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓட்டல்னு பதிஞ்சார். நண்பர்களை விட்டு எழுத வெச்சே நவம்பர் மாசம் லண்டனோட நம்பர் 1 ஓட்டல் ஆக்கிட்டார். அங்க அதுவரை ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது!

ஆனா என்னைக் கேட்டா, இதைவிடப் பெரிய பாடம் எங்க சிட்னியிலயே நடந்தது. மெரிட்டன்னு வாடகை அபார்ட்மெண்ட் நடத்துற பெரிய கம்பெனி. தங்கிட்டுப் போனவங்க ஈமெயில் முகவரியை டிரிப் அட்வைசருக்குக் குடுக்கணும், அவங்க "எப்படி இருந்துச்சு, எழுதுங்க"ன்னு மடல் அனுப்புவாங்க. 2014 நவம்பர்ல இருந்து 2015 அக்டோபர் வரைக்கும் இவங்க என்ன பண்ணினாங்கன்னா, யாரு குறை சொல்லுவாங்கன்னு தோணுதோ அவங்க முகவரியில கூடுதலா சில எழுத்தைச் சேர்த்து அனுப்பினாங்க. மடல் போய்ச் சேராது. லிப்ட் வேலை செய்யாத நாள், வெந்நீர் வராத நாள்ல தங்கினவங்களுக்கும் இதே வைத்தியம். ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டு, 2018-ல பெடரல் கோர்ட் 30 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

கவனிங்க மக்களே. அந்த வழக்குல பிரச்சினை போலி ரிவ்யூ இல்லை. எழுதினவங்க நிஜமாவே தங்கினவங்கதான், எழுதினதும் உண்மைதான். லிப்ட் இல்லாம மாடி ஏறினவன் மட்டும் அந்த வரிசையில இல்லை. மெரிட்டன் திட்டம் போட்டுப் பண்ணினதை, பூவார்ல நாங்க தாட்சண்யத்துல பண்ணினோம். ரெண்டு இடத்துலயும் மாட்டினது முட்டி வலிக்காரர்தான்.

நான் பொழைப்புக்குப் பண்றது சாப்ட்வேர் டெஸ்டிங். 300 டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னா பிரச்சினை இல்லைன்னு அர்த்தம் கிடையாது, சோதிச்ச 300-ல பிரச்சினை இல்லைன்னுதான் அர்த்தம். இதை ஆபீஸ்ல தினமும் ஜூனியர் பசங்களுக்குப் பாடம் எடுக்குறவன், அப்பா விஷயத்துல 4.6-ஐ நம்பினேன். அந்த முந்நூறு பேர்ல முட்டி வலிக்காரர் ஒருத்தராவது இருந்தாரான்னு பார்க்கணும்னு தோணலை.

சராசரியை எவ்வளவு சுலபமா ஏத்தலாம்னு ஒரு கணக்கு. 40 பேர் நியாயமா எழுதி 3.5 வாங்கின ஓட்டலுக்கு, இருபதே இருபது போலி அஞ்சு ஸ்டார் போட்டா 4.0 ஆயிடும். எண்பது போட்டா 4.5. ஆயிரம் பேர் எழுதின இடத்துல 3.5-ஐ 4.0 ஆக்கணும்னா 500 வேணும். சின்ன இடம்னா சராசரியை நம்பாதீங்க.

இதே கணக்கு திருப்பியும் வேலை செய்யும். ஒன்பது பேர் அஞ்சு குடுத்த ஹோம்ஸ்டேக்கு நீங்க கோபத்துல ஒரே ஒரு ஒத்தை ஸ்டார் போட்டா 5 அப்படியே 4.6 ஆயிடும். "ஏசி இலவசமா அப்கிரேட் பண்ணு, இல்லைன்னா ரிவ்யூவுல பார்த்துக்கறேன்"னு மிரட்டுற நம்ம ஆளுங்களை நானே பார்த்திருக்கேன். டாலர்ல சம்பளம், மிரட்டுறது மாசச் சம்பளத்துக்குப் பாத்திரம் கழுவுறவனை. வெட்கமா இல்லையா நமக்கு?

எது போலின்னு படிச்சே கண்டுபிடிச்சுடுவேன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். 2011-ல கார்னெல் பல்கலைக்கழகத்துல சிகாகோவோட 20 ஓட்டலுக்கு 400 நிஜ ரிவ்யூவும், ஆளுக்கு ஒரு டாலர் குடுத்து எழுத வெச்ச 400 போலி ரிவ்யூவும் எடுத்துச் சோதிச்சாங்க. மனுஷங்க கண்டுபிடிச்சது ஏறக்குறைய பூவா தலையா போட்ட மாதிரிதான். கணினி நிரல் கிட்டத்தட்ட 90 சதவீதம் சரியாச் சொல்லுச்சு. போலி எழுதினவன் "நான், என் கணவர், விடுமுறை"ன்னு கதை சொன்னான். நிஜமா தங்கினவன் பாத்ரூம், ரூமோட அளவு, இடம், விலைன்னு எழுதினான். போகாதவனுக்குப் பாத்ரூம் எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்? ஆனா இன்னிக்கு இதையும் முழுசா நம்ப முடியாது. பாத்ரூம் வர்ணனையோட ரிவ்யூ எழுதித் தர இப்போ மெஷின் வந்தாச்சு.

அரசாங்கம் பார்த்துக்கும்னு சொல்றீங்களா? இந்தியாவுல 2022 நவம்பர்ல இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூவுக்குன்னே ஐ.எஸ். 19000:2022-ன்னு ஒரு தரத்தைக் கொண்டு வந்தது. ஆனா விருப்பப்பட்டா பின்பற்றலாம்ங்கற அளவுலதான் அறிமுகம் பண்ணினாங்க. அமெரிக்காவுல போலி ரிவ்யூவுக்கு எதிரான விதி 2024 அக்டோபர்ல அமலுக்கு வந்தது, பிரிட்டன்ல 2025 ஏப்ரல்ல. எல்லாம் நல்லதுதான். ஆனா எந்தச் சட்டமும் படகுல உட்கார்ந்து படியை மறைச்ச என்னைப் பிடிக்காது. நான் போலி இல்லையே!

அப்போ ரிவ்யூவே பார்க்கக் கூடாதான்னு கேட்டா, பார்க்கலாம். நான் இப்போ பார்க்குற விதம் இதுதான்:

1. அஞ்சையும் ஒண்ணையும் விட்டுட்டு மூணு ஸ்டார்காரங்களை முதல்ல படிக்கிறேன். மூணு போடுறவனுக்கு யாரையும் குளிர்விக்கவும் வேணாம், பழிவாங்கவும் வேணாம்.

2. தேதியைப் பார்க்கிறேன். ஜனவரியில பொழியூர்க் கடற்கரை ஒண்ணு, ஜூன் ஜூலையில தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கும்போது வேற ஒண்ணு. மணல் திட்டே இடம் மாறும். சராசரிக்கு மாசம் கிடையாது.

3. ஒரே வாரத்துல கொத்தா வந்த பாராட்டு, வேலைக்காரங்க பேரு மட்டும் வரிசையா இருக்குற பாராட்டு ரெண்டையும் கழிச்சுடுறேன். அது அந்தப் பசங்க மேல இருக்குற நெருக்கடியைக் காட்டுது, ரூமைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.

4. புக் பண்ணித் தங்கினவங்க மட்டும் எழுதக்கூடிய தளத்தையும், யார் வேணா எழுதக்கூடிய தளத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கிறேன். ரெண்டுக்கும் ரொம்ப இடிச்சா உஷார்.

5. கடைசியா, ஓட்டலுக்கே போன் போட்டு ஒரே ஒரு கேள்வி: "கார் நிக்கிற இடத்துல இருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி?" பதில் சொல்லத் தடுமாறினா அதுதான் பதில்.

இதெல்லாம் படிக்கிறவனோட வேலை. ஆனா எழுதுறவனுக்குத்தான் நான் இன்னிக்குச் சொல்ல வந்தது. நாம அஞ்சு ஸ்டாரை டிப்ஸ் மாதிரி குடுக்கிறோம். டிப்ஸ் குடுக்கணும்னா பாக்கெட்ல இருந்து குடுங்க, மக்களே. அடுத்தவன் அப்பாவோட முட்டியில இருந்து எடுத்துக் குடுக்காதீங்க. அந்தப் பையன் நல்லவன்னா அவன் நல்லவன்னு எழுதுங்க. படி ஏழுன்னா ஏழுன்னும் எழுதுங்க. ரெண்டும் ஒரே ரிவ்யூவுல இருக்கலாம், ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்காது.

நேத்து ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து என் ரிவ்யூவை மாத்தினேன். இப்போ மூணு ஸ்டார். "படகுத்துறையில ஏழு படி, கைப்பிடி இல்லை. முட்டி வலி உள்ளவங்க போக வேண்டாம். எங்க அப்பாவை ரெண்டு பையன்மார் தூக்கிட்டுப் போனாங்க, ஒரு முகச்சுளிப்பு கூட இல்லாம. நிர்வாகம் கைப்பிடி வெச்சா அவங்களுக்கு அந்த வேலை இருக்காது." அவ்வளவுதான். காலையில அந்தத் தோழிக்கும் தங்கமணி போன் பண்ணிச் சொல்லிட்டாங்க.

அப்பாகிட்ட ஞாயித்துக்கிழமை பேசும்போது அடுத்த தடவை எங்க தங்கலாம்னு கேட்டேன். "எங்கயும் வேண்டாம். முத்தத்துல பந்தல் போட்டுப் பாய் விரிச்சா எல்லாரும் படுக்கலாம்"னார். கொஞ்சம் நிறுத்திட்டு, "நம்ம வாசல்ல ஒரு படிதான்"னார்.

டிஸ்கி: பொழியூர் பக்கம் யாராவது போறதா இருந்தா முதல்ல சொல்லுங்க, மாமா நம்பர் தர்றேன். அவர் ஸ்டார் எல்லாம் போட மாட்டார். "அங்க கொள்ளாம், இங்க கொள்ளூல்லா" அவ்வளவுதான். இதுவரைக்கும் தப்பினதில்லை :-)