படகில் யாருக்கு இடம்? மக்கள்தொகை அச்சமும் சேரியின் கணக்கும்

2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இந்தியா சீனத்தை முந்தியதாகக் கணித்தது. இவ்விரு அறிவிப்புகளின்போதும் நம் தொலைக்காட்சிகள் காட்டிய படங்கள் ஏறத்தாழ ஒன்றே: நெரிசலான சந்து, தண்ணீர் லாரிக்கு முன் குடங்களோடு நிற்கும் பெண்கள், குப்பைமேட்டில் விளையாடும் குழந்தைகள். 'மிகுதி' என்று சொல்லப்பட்டவுடன் ஒளிப்பதிவுக் கருவி தானாகவே நம் தெருவுக்குள் நுழைந்துவிடுகிறது. நான்கு பேருக்கு மூன்று மகிழுந்துகள் நிற்கும் வீட்டு முற்றத்தை எவரும் மக்கள்தொகைப் பெருக்கத்தின் படமாகக் காட்டியதில்லை.

இதற்குள் காற்று திசைமாறிவிட்டது. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் இடைக்கால நிதிநிலை அறிக்கை, வேகமாகப் பெருகும் மக்கள்தொகையை ஆராய உயர்நிலைக் குழு அமைக்கப்படும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் கூடுதலாகக் குழந்தைகள் பெற்றுக்கொள்ளச் சொன்னார். தொகுதி மறுவரையறையில் இடங்கள் குறையும் என்ற கவலையில், 'பதினாறும் பெற்று' என்ற வாழ்த்தைப் பிள்ளைகளின் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்ள நேருமோ என்று தமிழ்நாட்டு முதலமைச்சரும் ஒரு திருமண மேடையில் பேசினார். தொகுதி மறுவரையறையில் தென்னகத்துக்கு அநீதி நேரக்கூடும் என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. அது தனியே பேசப்பட வேண்டியது. ஆனால் குறைத்துக்கொள் என்றவர்களும் கூட்டிக்கொள் என்பவர்களும் பெண்ணின் கருப்பையை அரசின் கணக்குப் புத்தகமாகவே பார்க்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் நம் பெயர்கள் எப்பக்கத்தில் எழுதப்பட்டு வந்துள்ளன என்பதை வரலாற்றிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

உணவைவிட மக்கள் விரைவாகப் பெருகுவார்கள், பஞ்சமும் நோயும் அதைச் சரிசெய்யும் என்று 1798இல் எழுதினார் தாமஸ் மால்தஸ். 1805 முதல் அவர் ஹெய்லிபரியில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். இந்தியாவை ஆள வந்த இளம் அதிகாரிகளுக்குப் பொருளியல் கற்பித்தவர் அவரே. அந்தப் பாடத்தின் விளைவைச் சென்னை மாகாணம் தாதுவருடப் பஞ்சத்தில் கண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. நிவாரணப் பணியில் நாள் முழுதும் உழைத்த ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார் ரிச்சர்ட் டெம்பிள். இதில் ஒரு மனிதன் உயிர்வாழ இயலாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிக்கொண்டிருந்தது.

தானியம் இருந்தது, வாங்கக் காசும் விளைவிக்க நிலமும்தான் இல்லை. இவ்விரண்டும் இல்லாதவர்கள் யார் என்பதை 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பு வகித்த டிரெமென்ஹீர் தம் அறிக்கையில் எழுதிவைத்தார். பறையர் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதையும், தரிசை வேண்டி அவர்கள் மனுப் போட்டால் மிராசுதார்களே முன்னுரிமை கோரித் தடுத்ததையும் அவ்வறிக்கை அரசின் முன்வைத்தது. அதன் விளைவாக 1892இல் பிறந்ததே பஞ்சமி நில ஆணை. 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்நிலத்தின் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. அதை மீட்கக் கேட்ட காரணையில் 1994இல் இருவரைத் துப்பாக்கிக் குண்டுக்குப் பறிகொடுத்தோம். பஞ்சத்தைத் தலைகளின் எண்ணிக்கையால் விளக்கியவர்களுக்கும் பட்டாவின் எண்ணிக்கையால் விளக்கிய அந்த ஆட்சியருக்கும் இடையிலான வேறுபாடு இன்றுவரை தீரவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் வசம் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. 2011 மக்கள்தொகையில் நம் பங்கு 16.6 விழுக்காடு.

விடுதலைக்குப் பின் மால்தஸ் வேறு வழியாகத் திரும்பி வந்தார். அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக் 1968இல் எழுதிய 'மக்கள்தொகை வெடிகுண்டு' என்ற நூல் தில்லியில் ஓர் இரவு வாடகைக் காரில் சென்ற அனுபவத்தோடு தொடங்குகிறது. தெருவில் உண்ணும், உறங்கும் மனிதர்களைக் கண்டபோதுதான் மக்கள்தொகைப் பெருக்கம் தமக்கு உணர்வுபூர்வமாகப் புரிந்தது என்கிறார் அவர். அன்றைய பாரிஸ் மாநகரப் பரப்பில் தில்லியைவிடப் பன்மடங்கு மக்கள் வாழ்ந்தார்கள். அங்கே அவருக்கு அவ்வுணர்வு தோன்றியிருக்க வாய்ப்பில்லை. அவர் கண்டது வீடில்லாமையை. அதற்கு அவர் இட்ட பெயர் மிகுதி.

அந்தப் பெயர் கத்தியாக மாறியது நெருக்கடி நிலைக் காலத்தில். 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன, பெரும்பாலோர் ஆண்கள். அவை தொடர்பாக 1,774 மரணங்களை ஷா ஆணையம் பதிவு செய்தது. குறியீட்டு எண்ணிக்கையை எட்ட வேண்டிய அதிகாரி யாரைப் பிடிப்பார்? எதிர்த்துக் கேட்க ஆளில்லாதவரை, அதாவது குடிசைவாசியையும் தினக்கூலியையும் தலித்தையும் இசுலாமியரையும். இந்திரா அரசு 1977இல் தோற்றபின் ஆண்களைத் தொட எந்த அரசும் துணியவில்லை. சுமை முழுவதும் பெண்ணுடலுக்கு மாற்றப்பட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3 விழுக்காடு.

2012 சனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியின் மேசைகளில் கிடத்தி, கைவிளக்கு வெளிச்சத்தில், 53 பெண்களுக்கு இவ்வறுவை செய்யப்பட்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே மூடிக்கிடந்த மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார். அடுத்தடுத்த நாட்களில் 13 பேர் இறந்தனர். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைக் குடும்பங்களின் பெண்கள். அவர்களுக்கு ஊக்கத்தொகை 600 ரூபாய். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

உடலை விட்டால் பதவி. 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு தந்த அதே பத்தாண்டில், இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர் போட்டியிடக் கூடாது என்ற சட்டங்களும் பல மாநிலங்களில் முளைத்தன. தற்செயல் என்று நம்ப நமக்கு விருப்பந்தான். ஆனால் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் அவ்விதி இல்லை. சேரியிலிருந்து ஒருவர் முதன்முதலாக ஏறக்கூடிய படிக்கட்டில் மட்டுமே அது வைக்கப்பட்டது. அரியானாவின் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2003இல் சரியென்றது. ஐந்து மாநிலங்களில் நிர்மலா புச் மேற்கொண்ட ஆய்வு, தகுதியிழந்தவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மக்கள் என்று காட்டியது. பதவியைக் காக்க மனைவியைத் தள்ளிவைத்தவர்களும், குழந்தையைத் தத்துக் கொடுத்தவர்களும் உண்டு. ஆந்திரம் 1994இல் கொண்டுவந்த இவ்விதியை 2024 நவம்பரில் நீக்கியது. காரணம், இழைத்த அநீதியை உணர்ந்ததல்ல. குழந்தைகள் போதவில்லை என்பதே. இடைப்பட்ட முப்பதாண்டில் பதவியிழந்தவர்களுக்கு எவரும் வருத்தம் தெரிவித்ததாக நாம் அறியோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கருத்தடைக்கு நாம் எதிரிகள் அல்லர். 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகளை அரசே அளிக்க வேண்டும் என்ற தீர்மானம் அண்ணல் அம்பேத்கரின் கட்சி சார்பில் ரோகம் என்ற உறுப்பினரால் கொண்டுவரப்பட்டது. அண்ணல் ஆயத்தம் செய்த உரையே அங்கு முன்வைக்கப்பட்டது. அவை அதைத் தோற்கடித்தது. தந்தை பெரியாரோ, மற்றவர்கள் தாயின் நலத்துக்காகவும் குடும்பச் செலவுக்காகவும் கருத்தடை கேட்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்ற வேறுபாட்டைச் சுட்டியவர். அரசு பேசத் தொடங்குமுன்பே நம் இயக்கங்கள் எழுப்பிய கோரிக்கை இது. அன்று நாம் கேட்டது உரிமை. அரசு கொடுத்தது இலக்கு.

உரிமை கிடைத்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. 2019-21 குடும்பநல ஆய்வில் இந்தியப் பெண்ணின் சராசரி மகப்பேறு 2.0, தமிழ்நாட்டில் 1.8. பட்டியல் சாதிப் பெண்களுக்கு அகில இந்திய அளவில் 2.1, பட்டியலிலோ பிற்படுத்தப்பட்டோரிலோ சேராத பிரிவினருக்கு 1.9. 'அவர்கள்தான் பெற்றுத் தள்ளுகிறார்கள்' என்று தேநீர்க் கடையிலும் வகுப்பறையிலும் சொல்லப்படும் கதையின் முழு எடை இந்த 0.2தான். அதுவும் பெண்கல்வியையும் வருவாயையும் சமன்செய்தால் எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலக மக்கள்தொகையே 2080களின் நடுவில் ஏறத்தாழ 1,030 கோடியில் உச்சம் தொட்டு இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 மதிப்பீடு. வெடிகுண்டு வெடிக்கவில்லை.

வளம் குன்றவில்லை என்பதல்ல நம் வாதம். நிலத்தடி நீர் வற்றுகிறது, வெயில் கூடுகிறது, அதில் நாற்று நடுபவர்களும் சாலை போடுபவர்களும் நாமே. ஆனால் எடுத்தவர் யார்? 2019இல் உலகின் கரியுமிழ்வில் 16 விழுக்காடு, மேல்தட்டு 1 விழுக்காட்டினருடையது. அது அடித்தட்டில் உள்ள மூன்றில் இரு பங்கு மக்களின் உமிழ்வுக்குச் சமம் என்கிறது ஆக்ஸ்பாம்.

தண்ணீரைப் பாருங்கள். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், ஒருவர் தம் நிலத்துக்கடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை அந்நில உரிமையாளருக்கே அளிக்கிறது. நாட்டில் உறிஞ்சப்படும் நிலத்தடி நீரில் மிகப் பெரும்பகுதி பாசனத்துக்குப் போகிறது. ஆகவே நிலமில்லாதவருக்கு அந்நீரில் சட்டப்படியே பங்கில்லை. வயலில் வேலை செய்யும் பெண், தன் வீட்டுக் குடத்துக்கு அதே வயலின் மோட்டார் ஓடும் நேரத்துக்காகக் காத்திருக்கிறாள். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்து நீரை அண்ணல் அள்ளிக் குடித்தபோது அக்குளத்தில் நீர் பற்றாக்குறை இருக்கவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோதும் இருந்தது பற்றாக்குறை அன்று.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, சோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது சென்னையை உலகமே பார்த்தது. நகரம் பெருத்துவிட்டது, நீர்நிலைகளை ஆக்கிரமித்துவிட்டார்கள் என்றார்கள். ஆக்கிரமிப்பாளர் என்ற சொல் கூவம், அடையாற்றுக் கரைகளில் குடிசை போட்டவர்களைத்தான் குறித்தது. பெரும்பாலும் தலித்துகளான அவர்கள் 2015 வெள்ளத்துக்குப் பின் கூட்டம் கூட்டமாகப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். கொண்டுபோய் விட்ட இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். அதே சதுப்பைச் சுற்றி எழுந்த கணினி நிறுவன வளாகங்களையும் அடுக்ககங்களையும் எவரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. அதற்கு வளர்ச்சி என்று பெயர்.

1974இல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர் பூமியை உயிர்காப்புப் படகுகளாக உருவகித்தார். செல்வ நாடுகள் படகில் இருக்கின்றன, ஏழைகள் நீரில் தத்தளிக்கிறார்கள், எல்லோரையும் ஏற்றினால் படகு மூழ்கும், ஆகவே கைகொடுக்காதே என்பது அவர் அறம். மனிதகுலத்தின் எதிர்காலம் பற்றி இன்று பேசுகிற பலரும் அவர் பெயரைச் சொல்லாமல் அவர் படகில்தான் அமர்ந்திருக்கிறார்கள். நமக்கு அது உருவகம் அன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. பொதுத் தண்ணீர்த் தொட்டியில் பிடிக்க விடாமல் விரட்டப்பட்டனர். இழப்பீடு படகு வைத்திருந்தவரின் கணக்கில் வந்தது. கரையில் கூலிக்கு மீன் சுமந்தவரும், உப்பு நீர் ஏறிய வயலில் கூலி இழந்தவரும் முதலில் பாதிக்கப்பட்டோர் பட்டியலிலேயே இல்லை. செத்த உடல்களை அப்புறப்படுத்த மட்டும் தூய்மைப் பணியாளர்கள் பல ஊர்களிலிருந்தும் வரவழைக்கப்பட்டார்கள்.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு வரவிருக்கும் கணக்கெடுப்பில், 1931க்குப் பின் முதன்முறையாக எல்லாச் சாதிகளும் எண்ணப்படவுள்ளன. அந்த எண்கள் வந்ததும் யார் கூடினார்கள், யார் குறைந்தார்கள் என்ற கூச்சல்தான் முதலில் எழும். அக்கூச்சலுக்குள் நாம் தேட வேண்டிய அட்டவணை வேறு. 2011இல் நாட்டில் ஏறத்தாழ 47 விழுக்காட்டு வீடுகளுக்கு வளாகத்துக்குள்ளேயே குடிநீர் இருந்தது. பட்டியல் சாதியினர் வீடுகளில் அது 35 விழுக்காடு. பதினாறு ஆண்டுகளில் இந்த இடைவெளி எவ்வளவு சுருங்கியது? நிலத்தையும் ஆழ்துளைக் கிணற்றையும் சாதிவாரியாக, ஊராட்சி வாரியாக எண்ணி வெளியிட அரசு முன்வருமா? கல்லூரி மாணவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊருக்கு எத்தனை மேல்நிலைத் தொட்டிகள், அவற்றில் எது சேரிக்கு, எத்தனை நாளுக்கொரு முறை நீர் ஏறுகிறது, பஞ்சமி என்று பதிவான புல எண்கள் இன்று யார் பெயரில் இருக்கின்றன என்பதை ஒரு விடுமுறைக்குள் எழுதி எடுத்துவிடலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைக் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.