கூலி குறைந்தால் அது கொத்தடிமையே!

வத்தலக்குண்டு, கொடைமலைக்கு வாயிலாய் நிற்கும் ஊர். சுப்பிரமணிய சிவா 1884இல் பிறந்த மண்ணும் அதுவே. மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கம் காணுமுன்னரே, தம் ‘ஞானபானு’ இதழில், பிறமொழிக் கலப்பின்றித் தமிழெழுதுவார்க்குப் பரிசு அறிவித்தவர் அவர். 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலியுயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சிதம்பரனாரோடு தோள்சேர்ந்து நின்றவர். அவர்கள் வென்ற சில நாள்களிலேயே வெள்ளையராற் சிறைப்படுத்தப்பட்டவர்.

கூலிக்காகக் குரல்கொடுத்த அம் மறவன் பிறந்த மண்ணிலும், அதன்மேல் விரிந்த பழனிமலைச் சிற்றூர்களிலும், ஏன், தமிழகம் முழுமையுமே, தேர்தலின் பெயரால் குறைகூலிக்கு வேலை வாங்கப்பெறுகின்றது. வாங்குவது தனியார் ஆலை அன்று, அரசு!

வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்பார், தம் பகுதி வாக்காளர் பட்டியலைப் பேணுவோர். ஆசிரியர்கள், ஊர் உதவியாளர்கள், ‘அங்கன்வாடி’ என வடவர் பெயரால் அழைக்கப்பெறும் குழந்தை நடுவங்களின் பணிப்பெண்கள் ஆகியோரே இப் பணிக்கு இழுக்கப்படுகின்றனர். ஆண்டு முழுமைக்கும் இவர்க்கு 6,000 உருபா என 2015இல் வரையறுத்த இந்தியத் தேர்தல் ஆணையம், பத்தாண்டுகள் அதனைத் தொடவில்லை. 2025இல்தான் 12,000 ஆக்கியது. இரட்டித்து விட்டோம் என்பது அதன் பெருமை. திங்களுக்கு ஆயிரம் உருபா! இதுவோ இரட்டிப்பின் பெருமை?

இது முழுநேர வேலை அன்றே என்பர். அவ்வாறாயின் முழுநேரமும் உழைத்த நாள்களையே கணக்கிடுக. ‘சிறப்புத் தீவிரத் திருத்தம்’ என்னும் பெயரில் 2025 நவம்பர் 4 முதல் திசம்பர் 14 வரை, 41 நாள்கள், தமிழகமெங்கும் வீடுவீடாகப் படிவம் கொடுத்து, மீண்டும் சென்று வாங்கி, கைப்பேசி வழியே பதிந்தவர்கள் இவர்களே. இத் திருத்தப் பணிக்கென ஆணையம் அறிவித்த சிறப்புத் தொகை 6,000 உருபா. நாளொன்றுக்கு ஏறத்தாழ 146! அதே ஆண்டில் நூறுநாள் வேலைக்குத் தமிழகத்தில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி 336. அதுவே குறைந்த கூலி. அக் குறைகூலியிலும் பாதி எட்டவில்லை. அக் கணக்கில் 41 நாளுக்குரியது 13,776 உருபா.

அரசுச் சம்பளம் பெறுவோர்தாமே என வாயடைப்பர். ஆசிரியர் பெறும் சம்பளம் பள்ளியில் கற்பித்தற்கு. மாலையும் விடுமுறையும் தெருத்தெருவாய் அலைதற்கன்று. குழந்தை நடுவப் பெண்களோ முழு அரசு ஊழியராகவும் ஏற்கப்படாமல், சிறுதொகையில் நிறுத்தப்பட்டோர். மதிப்பு எங்கே? ஊதியம் எங்கே?

மறுத்தால் ஒறுப்பு உண்டு. 1950ஆம் ஆண்டின் மக்கள் பேராண்மைச் சட்டம் 32ஆம் பிரிவு, கடமை தவறுவார்க்கு மூன்று திங்கள் முதல் ஈராண்டு வரை சிறை என்கிறது. கூலிக்குக் கீழ்வரம்பு இல்லை. சிறைக்கு மட்டும் கீழ்வரம்பு உண்டு! பணிச்சுமையால் அலுவலர் மாண்ட செய்திகள் பல மாநிலங்களிலும் எழுந்த பின்னரே, கூடுதல் ஆள்களை அமர்த்துமாறு உச்ச நயன்மன்றம் 2025 திசம்பர் 4இல் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது.

அதே மன்றந்தான், தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், வரையறுத்த குறைந்த கூலிக்குங் கீழே வேலை வாங்குவது அரசியற்சட்டம் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என 1982இல் தீர்த்தது. பஞ்சத் துயர்நீக்க வேலையேயாயினும் கூலியைக் குறைத்தலாகாதென 1983இல் இராசத்தான் வழக்கில் உறுதி செய்தது. பஞ்சக் காலத்துக்கே பொருந்தாத விலக்கு, தேர்தற் காலத்துக்கு யாங்ஙனம் பொருந்தும்?

கொடைமலைச் சரிவின் வெள்ளகவிக்கு வாக்குப்பொறிகள் குதிரை முதுகில் ஏற்றிச் செல்லப்பட்டதுண்டு. குதிரையுடன் மலையேறும் மாந்தரின் வியர்வை தில்லிக்குத் தெரியுமா? மலைக்கும் சமவெளிக்கும் ஒரே தொகை எழுதும் கை, மலைப்பாதையைக் கண்டதில்லை. தொகையை வரைவது தில்லி. காலோய நடப்பது தமிழர்.

தில்லியைச் சாடுவதோடு தமிழக அரசின் கடமை தீர்ந்துவிடாது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். அங்கே கூலியை நேர்செய்யத் தில்லியின் இசைவு எதற்கு? தன் கைக்குட்பட்ட தேர்தலில், வாக்குச்சாவடிப் பணியாளர் ஒவ்வொருவர்க்கும், பயிற்சி நாள் உட்பட உழைத்த நாளெல்லாம், மாநிலம் வரையறுத்த குறைந்த கூலிக்குக் குறையாமலும், மலைப்பகுதிக்குத் தனிப்படி சேர்த்தும் வழங்கி, தமிழக அரசு முதலில் வழிகாட்டல் வேண்டும். அம் முன்மாதிரியைக் காட்டித் தில்லியிடம் உரிமையோடு கேட்டல் வேண்டும்.

மக்களாட்சியின் முதற்படி வாக்காளர் பட்டியல். அப் படியைச் செதுக்கும் கைகளைப் பட்டினியிட்டுக் கட்டும் கோட்டை மக்களாட்சி ஆகாது. ஆசிரியர், பணிப்பெண்டிர், ஊர் உதவியாளர் அமைப்புகள் தனித்தனியே முணுமுணுத்தது போதும். ஒன்றுகூடி எழுதல் வேண்டும். இரந்து பெறுவது இரக்கம். உழைத்துப் பெறுவது உரிமை. சிவா பிறந்த மண் அவ் வேறுபாட்டை மறவாதிருக்கட்டும்!