கையால் செய்தது மனத்தில் நிற்கும்

தித்திவங்சா மலைத்தொடரில் பிறக்கும் சிலாங்கூர் ஆறு, கோல குபு பாருவில் பாறைகளில் மோதி நுரைத்து ஓடுகிறது. அதே ஆறு கோல சிலாங்கூரை நெருங்கும்போது, கம்போங் குவாந்தானில் மின்மினிகள் வாழும் பெரெம்பாங் மரங்களின் ஓரமாக அமைதியாக நகர்ந்து, பின் கடலில் கலக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பம் இவ்வாற்றின் மேற்பகுதியில் ரப்பர் மிதவைப் படகில் பயணம் செய்தது. பிறகு, புக்கிட் ரோத்தானில் வாழும் பாட்டியின் வீட்டில் மூன்று நாள் தங்கி, அத்தை மகளின் திருமணத்திற்குக் குருத்தோலைத் தோரணம் பின்னினோம். அவ்விடுமுறையில் பேரங்காடிகளுக்கும் சென்றோம். அங்கு எடுத்த படங்கள் கைப்பேசியில் உள்ளன. ஆனால், வீட்டில் இன்றும் பேசப்படுவன துடுப்புப் போட்டதும் ஓலை பின்னியதும்தான். குடும்பத்தினர் ஒன்றுசேர்ந்து கையால் செய்யும் செயலே உறவை வளர்க்கிறது என்பது என் கருத்து.

மிதவைப் படகில் வேடிக்கை பார்ப்பவர் என்று எவரும் இல்லை. பாதுகாப்பு அங்கியும் தலைக்கவசமும் அணிந்த அனைவரும் வழிகாட்டியின் குரலுக்கு ஏற்ப ஒரே சீராகத் துடுப்புப் போட வேண்டும். இடப்புறம் இருப்பவர் ஓய்ந்தால் படகு இடப்புறமே திரும்பிவிடும். முதல் பாறையின் அருகே நாங்கள் ஆளுக்கொரு விதமாகத் துடுப்புப் போட்டதால் படகு சுழன்றது. சேர்ந்து போட்ட பிறகே நேராகச் சென்றது. தோரணம் பின்னுவதும் அப்படித்தான். அப்பா ஓலையை வகிர, பாட்டி மடித்துப் பின்ன, நாங்கள் கயிற்றில் கட்டினோம். ஓலையைக் கிழித்துவிட்ட தம்பியைப் பாட்டி கடிந்துகொள்ளவில்லை. அவன் விரல்களைப் பிடித்து மீண்டும் மடிக்கச் செய்தார்.

இவ்வட்டாரத் தமிழருக்குக் கைவினை புதிதன்று. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. அத்தோட்டத்தின் பெயரே தமிழில் ஒலிக்கிறது. தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் முன்னோர், கிடைத்த பொருள்களைக் கொண்டு தேவையானவற்றைச் செய்துகொண்டனர். ஈர்க்குகளைச் சீவி விளக்குமாறு கட்டினர். கீற்று முடைந்து பந்தல் வேய்ந்தனர். பிள்ளைகளுக்கு ஓலையில் காற்றாடியும் ஊதலும் செய்து கொடுத்தனர். திருமண வீட்டில் பந்தல் போடும் இரவில் அண்டை அயலார் அனைவரும் கூடுவர். பெரியவர்கள் செய்வதைப் பார்த்தே இளையோர் கற்றுக்கொண்டனர்.

காலம் மாறியது. ரப்பர் தோட்டங்கள் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. குடும்பங்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தன. இன்று பந்தலை வாடகைக்கு எடுக்கிறோம். நெகிழித் தோரணத்தைக் கடையில் வாங்குகிறோம். கூடி உழைத்த அந்த இரவை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியவில்லை.

“பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் இக்காலத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது?” எனச் சிலர் கேட்கலாம். கடையில் வாங்குவது எளிது என்பதையும் மறுப்பதற்கில்லை. நெகிழித் தோரணத்தை மறுமுறையும் பயன்படுத்தலாம். ஓலைத் தோரணமோ சில நாள்களில் வாடிவிடும். ஆயினும், அன்று ஓலை பின்னியவாறு பாட்டி கூறியவை எங்கள் மனத்தில் வாடவில்லை. பன்னிரண்டு வயதில் தம் தாயாருடன் பால்மரம் சீவச் சென்றதை அவர் அன்றுதான் முதன்முறையாகக் கூறினார். எதிரில் அமர்ந்து கேட்டிருந்தால், “அதெல்லாம் பழைய கதை” என்று முடித்திருப்பார். கைகள் வேலை செய்தபோது பேச்சு தானாக வந்தது.

ஆகவே, ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு நாளையாவது குடும்பமாகக் கைவேலை செய்ய ஒதுக்குவோம். அது தோரணமாகவோ விளக்குமாறாகவோ ஓலைக் காற்றாடியாகவோ இருக்கலாம். அன்று கைப்பேசியைச் சற்றுத் தள்ளி வைப்போம். ஒரு கை தட்டினால் ஓசை எழாது. ஒருவர் மட்டும் துடுப்புப் போட்டால் படகும் நேராகச் செல்லாது. இக்கலைகளை அறிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த விடுமுறையில், “எங்கே போகலாம்?” என்று கேட்பதற்கு முன், “பாட்டி, எங்களுக்கு என்ன செய்யக் கற்றுத் தருவீர்கள்?” என்று கேட்போமா?